மைதானத்தைக் கட்டியவருக்கு அனுமதி இல்லை



எங்கள் மாலை நேரப் படிப்பு வட்டத்துக்கு வரும் தம்பி ஒருவர் தோட்டக்கலை இறுதியாண்டு படிக்கிறார். அவருக்கு ஒரு கோல்ஃப் மைதானத்தில் ஆறு மாத இன்டர்ன்ஷிப் கிடைத்தது. மண் பரிசோதனை, நீர்ப்பாசனம், பூச்சி மேலாண்மை, புல் வளர்ப்பு எல்லாம் கற்கலாம். வீட்டில் சொன்னதும் அவருடைய அம்மா கேட்டது ஒரே கேள்வி: "நாங்க புல்லறுத்தது போதாதா? பட்டம் வாங்கிட்டு நீயும் போயி புல்லுதான் வெட்டணுமா?"

தம்பியால் பதில் சொல்ல முடியவில்லை. எங்களிடம் வந்தார். எங்களுக்கும் சட்டென்று பதில் வரவில்லை. "எந்த வேலையும் கேவலமில்லை" என்று அறிவுரை சொல்லி அந்த அம்மாவின் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. எந்த வேலை யார் தலையில் கட்டப்பட்டது என்பதுதான் சாதியின் வரலாறு. ஆகவே இந்தத் தொழிலின் வரலாற்றைத் தேடிப் படித்தோம். நமக்கு வேண்டிய பாடம் அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாற்றில் இருந்தது.

நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஜோசப் பார்த்தலோமியூ என்ற கறுப்பினச் சிறுவன், ஆடுபான் பூங்கா மைதானத்தில் வெள்ளையர்களின் மட்டைப் பையைச் சுமக்கும் வேலையில் சேர்ந்தான். அவர்கள் ஆடுவதைப் பார்த்தே ஆடக் கற்றான். வளர்ந்ததும் புல்வெளியைப் பராமரிக்கும் பொறுப்புக்கு வந்தார். 1920களின் தொடக்கத்தில் மெட்டேரி என்ற இடத்தில் புது மைதானம் அமைக்க நினைத்த வசதி படைத்த வெள்ளையர்கள் அவருடைய திறமையைக் கண்டு, செலவு செய்து நியூயார்க்குக்கு அனுப்பினார்கள். அங்கே சேத் ரேய்னர் என்ற பெயர்பெற்ற வடிவமைப்பாளரிடம் அவர் தொழில் கற்றார். இன்றைய பேச்சில் சொன்னால் அதுதான் இன்டர்ன்ஷிப்.

திரும்பி வந்து மெட்டேரி மைதானத்தைக் கட்டினார். பிறகு நகரப் பூங்கா மைதானங்களையும் அமைத்தார். ஆனால் இனப்பிரிவினைச் சட்டங்கள் ஆண்ட அந்த ஊரில், தான் கட்டிய அந்த மைதானங்களில் விளையாட அவருக்கு அனுமதி இல்லை. கடைசியில் ஹரஹான் என்ற இடத்தில் தன் சொந்த நிலத்தில் ஏழு குழிகள் கொண்ட சிறு மைதானம் அமைத்து நண்பர்களோடு ஆடினார். 1950களில் கறுப்பினக் குடும்பங்களுக்கென எழுந்த பான்சார்ட்ரெய்ன் பார்க் குடியிருப்பின் மைதானமும் அவர் கட்டியதே. 1971இல் இறந்தார். 1979இல்தான் அந்த மைதானத்துக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது.

கிணறு வெட்டியவருக்கே அந்தக் கிணற்றில் தண்ணீர் மறுக்கப்பட்ட கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவருடைய கை வேண்டும், அறிவும் வேண்டும். வேலை முடிந்ததும் ஆள் மட்டும் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும்.

இதே காலத்தில்தான் புல்வெளிப் பராமரிப்பு படித்தவர்களின் தொழிலாக மாறத் தொடங்கியது. 1926இல் ஓஹையோ மாநிலத்தின் டொலிடோ நகரில் பராமரிப்பாளர்கள் கூடி தேசியச் சங்கம் அமைத்தார்கள். 1927இல் மாசசூசெட்ஸ் வேளாண் கல்லூரி அவர்களுக்காகக் குளிர்காலப் பள்ளி தொடங்கியது. குழியைச் சுற்றியுள்ள புல்லை ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் உயரத்தில் வெட்டி, அதே நேரம் சாகாமல் காப்பதற்கு மண்ணியலும் நோயியலும் தெரிய வேண்டும். கைவேலை அறிவியலானது, சான்றிதழும் வந்தது. ஆனால் விளையாட்டின் கதவு அதனால் திறந்துவிடவில்லை. தொழில்முறை ஆட்டக்காரர்களின் பிஜிஏ அமைப்பு, வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்ற விதியை 1961 வரை வைத்திருந்தது. புகழ்பெற்ற மாஸ்டர்ஸ் போட்டி நடக்கும் அகஸ்டா கிளப்பில் 1982 வரை ஆட்டக்காரர்களின் பையைச் சுமந்தவர்கள் கறுப்பினத்தவர்கள். அந்தக் கிளப் ஒரு கறுப்பினத்தவரை உறுப்பினராகச் சேர்த்தது 1990இல்தான்.

அட்லாண்டாவில் என்ன நடந்தது என்பதை மாணவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 1951இல் மருத்துவர் ஹாமில்டன் ஹோம்ஸ், அவருடைய மகன்கள் ஆல்ஃபிரட், ஆலிவர், நண்பர் ஒருவர் என நான்கு பேர் நகராட்சி மைதானத்துக்கு விளையாடப் போனார்கள். கறுப்பினத்தவர் என்பதால் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அது தனியார் கிளப் இல்லை, மக்களின் வரிப்பணத்தில் நடந்த மைதானம். வழக்குப் போட்டார்கள். தனியாக இருந்தாலும் சமமாக இருந்தால் போதும் என்ற வழியில் கீழ் நீதிமன்றங்கள் நின்றன. நம் ஊர் டீக்கடைகளின் இரட்டைக் குவளை நியாயம்தான் இதுவும். 1955 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்காமல் மைதானத்தைத் திறந்துவிடச் சொன்னது.

இங்கே மஹத் நினைவுக்கு வராமல் இருக்காது. சவுதார் குளம் பொதுக்குளம். 1924இல் நகராட்சியே அதை எல்லோருக்கும் திறந்துவிடத் தீர்மானம் போட்டிருந்தது. இருந்தும் 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு போய் நீர் அள்ளிக் குடிக்க வேண்டியிருந்தது. பிறகு தாக்கினார்கள், குளத்துக்குத் 'தீட்டு' கழித்தார்கள். வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் 1955 டிசம்பரில் ஆறு கறுப்பினத்தவர்கள் தடையை மீறி கோல்ஃப் ஆடியதற்காக அவர்களைக் கைது செய்தார்கள். பின்னர் நகர நிர்வாகம் அந்த மைதானத்தையே பல ஆண்டுகள் மூடி வைத்தது. நீ தொட்டால் எனக்கும் வேண்டாம் என்பது கடல் தாண்டியும் ஒன்றுதான்.

ஆல்ஃபிரட் ஹோம்ஸின் மகன் பெயரும் ஹாமில்டன். 1961இல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் முதன்முதலாக நுழைந்த இரண்டு கறுப்பின மாணவர்களில் அவர் ஒருவர். பின்னாளில் மருத்துவரானார். மைதானத்தின் வாசலில் அப்பா நின்ற வழக்கைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, பல்கலைக்கழகத்தின் வாசலில் தயங்கவில்லை.

இதையெல்லாம் படித்த பிறகு தம்பியோடும் அவர் அம்மாவோடும் உட்கார்ந்து பேசினோம். புல் இழிவில்லை அம்மா, ஆனால் உங்கள் சந்தேகம் நியாயமானது என்றோம். போவதற்கு முன் கேட்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதினோம். உதவித்தொகை எவ்வளவு? சம்பளமில்லாத பயிற்சி வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கே கட்டுப்படியாகும். ஆய்வகத்திலும் பாசன அமைப்பிலும் கற்றுத் தருவார்களா, ஆறு மாதமும் கூட்டிப் பெருக்க விடுவார்களா? மருந்து தெளிக்கும்போது கையுறை, முகக்கவசம் உண்டா? சாப்பிட, தண்ணீர் குடிக்க எந்த வாசல் வழியாகப் போக வேண்டும்? அங்கே கூலிக்கு வேலை செய்பவர்களுக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. இருக்கிறதா?

அம்மா கடைசிக் கேள்வியை மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டார். "இதைக் கேட்டுட்டு வந்து எங்கிட்ட சொல்லு, அப்புறம் போ" என்றார்.

தம்பி கேட்டார். எழுத்தில் பதில் வாங்கினார். உதவித்தொகை உண்டு, பயிற்சிக் கால அட்டவணையும் வந்தது. கூலித் தொழிலாளர்களைப் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. இப்போது அவர் அங்கே இரண்டாவது மாதத்தில் இருக்கிறார். அந்தப் பதிலை உள்ளே இருந்துகொண்டு அவரே தேடிக்கொண்டிருக்கிறார்.

ஜெய்பீம்!