எறிந்த கல்லும் அறிவின் நெடும்பயணமும்

மாங்காய்க்குக் கல்லெறியாத சிறுவர்கள் நம் ஊர்களில் அரிது. கல் கையை விட்டுப் பிரிகிறது; மேலே எழுகிறது; வளைகிறது; பின்னர் தரையில் விழுகிறது. அன்றாடம் காணும் இக்காட்சிக்குள் ஆழமான வினா ஒன்று அடங்கியுள்ளது. கையை விட்டுப் பிரிந்த பின்னரும் அக்கல்லைச் செலுத்துவது எது? இவ்வினாவுக்குச் சரியான விடை காண மனித குலத்திற்கு ஏறத்தாழ 2,000 ஆண்டுகள் தேவைப்பட்டன. அந்த வரலாற்றில் முஸ்லிம் அறிஞர்களுக்கும் இடம் உண்டு. அந்த இடம் எத்தகையது என்பதைக் கூட்டாமலும் குறைக்காமலும் ஜமாஅத்தார் முன் வைப்பதே நம் நோக்கம்.

கி.மு. 384 முதல் 322 வரை வாழ்ந்த கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், இயங்கும் பொருளைத் தொட்டுக்கொண்டு இயக்குவது ஒன்று எப்போதும் இருக்க வேண்டும் எனக் கருதினார். அவ்வாறாயின் பறக்கும் கல்லைத் தொட்டுக்கொண்டிருப்பது எது? காற்றுதான் என்றார் அவர். எறியும் கை கல்லோடு சேர்த்துக் காற்றையும் இயக்குகிறது. அக்காற்றே கல்லைத் தொடர்ந்து தள்ளிச் செல்கிறது என்பது அவரது விளக்கம்.

ஆறாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த கிறிஸ்தவ அறிஞர் யோவான் பிலோபோனஸ் இதனை மறுத்தார். காற்றே கல்லைச் செலுத்துமாயின், கல்லைத் தொடாமல் அதன் பின்னாலுள்ள காற்றை மட்டும் வேகமாக அசைத்தாலே கல் பறக்க வேண்டுமல்லவா என்று கேட்டார். எறிபவர் கல்லுக்குள்ளேயே ஒரு விசையைப் பதித்து அனுப்புகிறார். அவ்விசை சிறிது சிறிதாகத் தானே தேய்ந்து அடங்குகிறது என்பது அவரது முடிவு. அரபு நூல்கள் இவரை யஹ்யா அந்நஹ்வி, அதாவது இலக்கண அறிஞர் யஹ்யா என்று குறிப்பிடுகின்றன.

இந்த இடத்திலிருந்து அடுத்த அடியை எடுத்து வைத்தவர் இப்னு சீனா. கி.பி. 980இல் புகாராவுக்கு அருகே பிறந்து 1037இல் ஹமதானில் மறைந்த இப்பெருமகனாரை மருத்துவ மேதையாகவே நம்மில் பலர் அறிவோம். அவரது 'கிதாபுஷ் ஷிஃபா' என்னும் பெருநூலின் பெயருக்கு 'நிவாரணம்' என்பது பொருள். ஆயினும் அது மருத்துவ நூலன்று. தர்க்கம், இயற்கை அறிவியல், கணிதம், மெய்யியல் ஆகியவற்றை ஆராயும் நூல் அது. எறியப்பட்ட பொருளுக்குள் இருப்பதை இப்னு சீனா 'மைல்' என்று அழைத்தார். நாட்டம் அல்லது சாய்வு என்று இதனைத் தமிழில் கூறலாம். இந்த மைல் தானாகத் தேய்வதில்லை. காற்று முதலிய தடைகளே அதனைக் குறைக்கின்றன என்று அவர் வாதிட்டார். அவ்வாறாயின், தடையே இல்லாத வெற்றிடத்தில் எறிந்த பொருள் நிற்பதற்குக் காரணமே இராது. இம்முடிவை அவரும் கண்டார். ஆனால், நில்லாத இயக்கத்தை எங்கும் காண முடியவில்லையாதலால், வெற்றிடம் என்பதே இருக்க முடியாது என்று முடித்துக்கொண்டார். வாசல் வரை வந்தவர் உள்ளே நுழையவில்லை.

ஸ்பெயினின் சரகோசாவில் பிறந்து 1138இல் மறைந்த இப்னு பாஜா, ஊடகத்தின் தடை இயக்கத்தின் வேகத்திலிருந்து ஒரு பகுதியைக் கழிக்க மட்டுமே செய்கிறது என்றார். தடை இல்லாவிடினும் இயக்கத்திற்குக் காலம் தேவைப்படும் என்பது இதன் பொருள். இப்னு ருஷ்து இதனை மறுத்து எழுதினார். மறுப்பதற்காக அவர் எடுத்துக்காட்டிய பகுதி இலத்தீன் மொழிபெயர்ப்பின் வழியே ஐரோப்பாவை அடைந்து, இப்னு பாஜாவின் கருத்தை அங்கே வாழவைத்தது என்பது வியப்புக்குரியது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அபுல் பரகாத், யூதக் குடும்பத்தில் பிறந்து பிற்காலத்தில் இஸ்லாத்தைத் தழுவியவர். விழும் பொருளில் கணந்தோறும் புதிய மைல் சேர்ந்துகொண்டே வருவதால்தான் அதன் வேகம் கூடுகிறது என்று அவர் எழுதினார்.

பதினான்காம் நூற்றாண்டில் பாரிஸில் ழான் புரிடான் என்பவர், எறிந்த பொருளுக்குள் பதியும் விசையானது பொருளின் அளவையும் வேகத்தையும் பொறுத்தது என்று மேலும் தெளிவாக்கினார். அவர் இப்னு சீனாவிடமிருந்து இதனைப் பெற்றாரா என்பதில் ஆய்வாளர்கள் ஒருமித்த கருத்துக் கொண்டிருக்கவில்லை. 1537இல் வெனிஸில் வெளியான நூலில் டார்ட்டாக்லியா என்னும் கணித அறிஞர், பீரங்கியை 45 டிகிரி சாய்வில் வைத்தால் குண்டு மிக அதிகத் தொலைவு செல்லும் என்று எழுதினார். ஆயினும் குண்டு செல்லும் பாதையின் உண்மையான வடிவத்தை அவரால் கூற இயலவில்லை.

அதனைக் கண்டவர் இத்தாலியின் கலீலியோ. சாய்வான பலகையில் குண்டுகளை உருட்டி, பாத்திரத்திலிருந்து ஒழுகும் நீரை எடை போட்டு அவர் காலத்தை அளந்தார். சம கால இடைவெளிகளில் குண்டு கடக்கும் தொலைவுகள் 1, 3, 5, 7 என்ற ஒற்றை எண்களின் விகிதத்தில் கூடுவதைக் கண்டார். எறிந்த பொருளின் இயக்கத்தை அவர் இரண்டாகப் பிரித்தார். முன்னோக்கிய இயக்கம் மாறாத வேகத்தில் நடக்கிறது; கீழ்நோக்கிய இயக்கம் சீராக வேகம் கூடி நடக்கிறது; ஒன்று மற்றொன்றைத் தடுப்பதில்லை. கிடையாக எறிந்த கல்லும், அதே உயரத்திலிருந்து கைநழுவ விட்ட கல்லும் சமதரையில் ஒரே நேரத்தில் விழுவது இதனாலேயே. இரண்டு இயக்கங்களும் இணையும்போது உருவாகும் பாதை பரவளையம். வீட்டுக்காவலில் இருந்த முதிய கலீலியோவின் இந்நூல் 1638இல் ஹாலந்தின் லைடன் நகரில் அச்சாயிற்று.

இன்றைய அளவுகளில் கூறுவதானால், ஒரு பந்தை விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் 45 டிகிரி சாய்வில் எறிந்தால், காற்றின் தடையை நீக்கிப் பார்க்கையில், அது சுமார் 41 மீட்டர் தொலைவில் விழும். 30 டிகிரியிலும் 60 டிகிரியிலும் எறிந்தால் இரண்டுமே சுமார் 35 மீட்டரில் விழும். காற்று தடுப்பதால் உண்மையில் தொலைவு இதனினும் குறையும். அரிஸ்டாட்டில் எதனை உந்துவதாகக் கருதினாரோ, அதுவே தடுப்பதாக முடிந்தது! தடையில்லாப் பொருள் தன் நேர்கோட்டு இயக்கத்தை விடாது என்பதை 1687இல் நியூட்டன் முதல் விதியாக நிறுவினார்.

இவ்வரலாற்றை நாம் எழுதக் காரணம் உண்டு. எல்லாவற்றையும் நம்மவர்களே முதலில் கண்டுபிடித்தனர் என்று மேடைகளில் முழங்குவோர் உள்ளனர். நம்மவர்கள் கிரேக்க நூல்களைக் காத்துக் கொடுத்ததோடு சரி என்று ஒதுக்குவோரும் உள்ளனர். இரண்டும் உண்மையன்று. பரவளையத்தையே எடுத்துக்கொள்வோம். அப்போலோனியஸின் கூம்பு வெட்டு நூலில் ஐந்து முதல் ஏழு வரையிலான பாகங்கள், ஒன்பதாம் நூற்றாண்டு பக்தாதின் அரபு மொழிபெயர்ப்பில் மட்டுமே எஞ்சின. ஆனால் பரவளையத்தின் அடிப்படையைக் கூறும் முதற்பாகம் கிரேக்க மொழியிலேயே இருந்தது. இரண்டையும் சேர்த்துச் சொல்வதே நீதி.

இப்னு சீனா எறிபொருள் இயக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டார் என்று நம் பிள்ளைகளிடம் கூறினால், அவர்கள் மேல்நிலை வகுப்பு இயற்பியலைப் படிக்கும் நாளில் நம் சொல்லின் மீது நம்பிக்கை இழப்பர். அலெக்சாந்திரியக் கிறிஸ்தவர் ஒருவர் விட்ட இடத்திலிருந்து தொடங்கி, பெரும் அறிஞரின் கருத்தையும் கேள்வி கேட்டு, ஓர் அடி முன்னே சென்றவர் அவர் என்று கூறினால், அடுத்த அடியை நாமும் எடுத்து வைக்கலாம் என்னும் துணிவு பிறக்கும். நம் பிள்ளைகளுக்கு வேண்டியது அந்தத் துணிவே.