ஒரு நிமிடக் குகை

1898ஆம் ஆண்டில் ஜோர்ஜ் மெலியே என்ற பிரெஞ்சுக்காரர், பாரிஸுக்கு அண்மையிலுள்ள மொன்ட்ரெய் என்ற ஊரில், தமது குடும்பத்துக்குச் சொந்தமான காணியில் கட்டிய கண்ணாடி ஸ்ரூடியோவில் ஒரு படத்தை எடுத்தார். ‘புனித அந்தோனியாரின் சோதனை’ என்பது அதன் பெயர். ஓடும் நேரம் ஏறத்தாழ ஒரு நிமிடம். தனிமையில் இருக்கும் மனிதனை ஆசை எவ்வாறு ஆட்டிவைக்கிறது என்பதைப் பயங்கரமாகக் காட்டிய மிகப் பழைய குறும்படங்களுள் இதுவும் ஒன்று.

அந்தோனியார் என்றதும் நம்மவர்க்குக் கொச்சிக்கடையும் கச்சதீவும் நினைவுக்கு வரும். அவர் 13ஆம் நூற்றாண்டின் பதுவை அந்தோனியார். இவரோ வனத்து அந்தோனியார். எகிப்தில் 3ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிறந்து, சொத்தை விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுப் பாலைவனம் ஏகியவர். பாழடைந்த கோட்டையொன்றில் இருபது ஆண்டுகள் தனித்திருந்தார். 356இல் மறைந்தார். அவரது சரிதையை எழுதிய அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியார் ஓரிடத்தில் கூறும் செய்தி என்னை எப்போதும் திகைக்க வைப்பது. கோட்டைக்கு வெளியே நின்றவர்களுக்கு உள்ளே பலர் கூடிக் கூச்சலிடுவது கேட்டதாம். துவாரம் வழியாக எட்டிப் பார்த்தால் உள்ளே வேறு எவரும் இல்லையாம். அத்தனாசியாருக்கு அது பேய்களின் வேலை. பதினைந்து நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த மெலியே, பேயை வெளியே தேடவில்லை.

மெலியே ஒரு மாயவித்தைக்காரர். 1888 முதல் பாரிஸின் ரொபேர்-ஊடன் அரங்கின் உரிமையாளர். 1895 டிசெம்பர் 28ஆந் திகதி லூமியேர் சகோதரர்களின் காட்சியைப் பார்த்தவுடன் அந்தக் கருவியை விலைக்குக் கேட்டார். அவர்களது தந்தை அந்துவான் மறுத்துவிட்டார். மெலியே சளைக்கவில்லை. இலண்டனில் றொபேட் போலிடம் புரொஜெக்டர் ஒன்றை வாங்கி, 1896இல் தாமே படமெடுக்கத் தொடங்கினார். முதலாளி, இயக்குநர், காட்சியமைப்பாளர், பல படங்களில் நடிகர் என அனைத்தும் அவரே. சுயாதீன சினிமா என்று இன்று பெருமையாகப் பேசுகிறோமே, அன்று அவருக்கு வேறு வழியே இருக்கவில்லை.

படத்தில் ஒரே ஒரு குகை. கமரா அசைவதேயில்லை. செபித்துக்கொண்டிருக்கும் துறவியின் முன் பெண்கள் தோன்றி மறைகின்றனர். கையிலெடுத்த மண்டையோடு பெண்ணாகிறது. பெண்கள் சூழ்ந்து ஆடுகின்றனர். இறுதியில், அவர் தஞ்சமடைந்த சிலுவையிலிருக்கும் உருவமே பெண்ணாக மாறிவிடுகிறது! வானதூதர் வந்து காப்பாற்றுகிறார் என்பது உண்மைதான். ஆனால் அதற்குள் நடக்கவேண்டியது நடந்துவிடுகிறது.

இதற்கான உத்தி எளியது. கமராவை நிறுத்துவர், துறவியாக நடிப்பவர் அசையாது நிற்பார், மண்டையோட்டின் இடத்துக்கு நடிகை வருவார், மீண்டும் கமரா ஓடும். பின்னர் அந்த இடத்தில் பிலிமை வெட்டி ஒட்டுவர். மேடையில் பெண்ணை மறையச் செய்து கைதட்டல் வாங்கிய அதே தந்திரம்தான். ஆயினும் இங்கே அது வேறு பொருள் கொள்கிறது. 1896இல் அவர் எடுத்த ‘சாத்தானின் மாளிகை’யில் சாத்தான் வேடமிட்டு வந்து வேடிக்கை காட்டினான். இக்குகையிலோ, பக்தியோடு பற்றியிருக்கும் பொருளே பார்த்துக்கொண்டிருக்கும்போது ஆசைப்பொருளாகிவிடுகிறது. நடுவே ஓர் இமைப்பொழுதுகூட இல்லை. மனம் இடறுவதும் அப்படித்தானே?

சிலுவையில் பெண்ணை வைக்கும் துணிவு மெலியேக்கு முன்பே கலையுலகில் இருந்தது. பெல்ஜிய ஓவியர் பெலிசியன் ரொப்ஸ் 1878இல் அதனை வரைந்துவிட்டார். புளோபேர் இதே அந்தோனியாரைப் பற்றிய நூலை 1874இல் வெளியிட்டார். மொன்மார்த்தின் ‘கறுப்புப் பூனை’ விடுதியில் ஆன்றி ரிவியேர் 1887இல் இக்கதையை நிழற்கூத்தாக ஆடிக் காட்டினார். ஆகவே பாரிஸ் இரசிகருக்குக் கதை பழையது. புதியது அந்த மாற்றத்தின் வேகம் மட்டுமே.

முதன்முறை பார்த்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அட்டைப் பாறைகள், மிகை நடிப்பு. மறுமுறை பார்த்தபோது பெண்களை விட்டுவிட்டுத் துறவியின் கைகளை மட்டும் கவனித்தேன். எதைத் தொடுவதற்கும் அஞ்சும் கைகள் அவை.

மெலியேயின் தொழில் முதலாம் உலகப் போருக்கு முன்னரே நொடித்தது. 1923இல் தம்மிடமிருந்த நெகட்டிவ்களை அவரே அழித்தார். பின்னர் மொன்பர்னாஸ் ரயில் நிலையத்தில் விளையாட்டுப் பொருட்கடையில் அமர்ந்து பிழைத்து, 1938இல் காலமானார். அவர் எடுத்த ஐந்நூறுக்கும் மேற்பட்ட படங்களில் ஏறத்தாழ இருநூறே எஞ்சின. அவற்றுள் இந்த ஒரு நிமிடக் குகையும் ஒன்று.