எலிப் பல்லும் எஃகு டாங்கியும்

சரித்திரத்தில் எலிக்கு இடம் கொடுத்தவர்கள் பெரும்பாலும் பிளேக் நோயைப் பற்றி எழுதியவர்கள்தாம். யுத்த சரித்திரத்திலும் அதற்கு ஒரு மூலை உண்டு. கார் வைத்திருப்பவர்கள் அவசியம் எட்டிப் பார்க்க வேண்டிய மூலை அது.

1942-ஆம் வருஷத்து இலையுதிர் காலம். ஜெர்மானியரின் ஆறாவது சேனை ஸ்டாலின்கிராடில் தெருத் தெருவாகப் போரிட்டுக்கொண்டிருந்தது. நகரத்துக்கு வடமேற்கே, டான் நதிப் பக்கம், இருபத்திரண்டாவது டாங்கிப் படைப் பிரிவு சும்மா நின்றது. பெட்ரோல் பஞ்சத்தால் எஞ்சினை அடிக்கடி ஓட்டி வைக்க வழியில்லை. குளிரோ ரஷ்யக் குளிர். ஆகவே டாங்கிகளைக் குழிகளில் இறக்கி, வைக்கோலைப் போட்டுப் பொத்தி வைத்தார்கள்.

வயல் எலிகளுக்கு வேறென்ன வேண்டும்? மேலே வைக்கோல் மெத்தை. உள்ளே இரும்பு மாளிகை. குடும்பத்தோடு குடியேறின. எலியின் முன்பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. அவற்றின் முன்புறம் கடினம். பின்புறம் சற்று மிருது. கொறிக்கக் கொறிக்கப் பின்புறம் சீக்கிரம் தேய்ந்து, முன்புறம் தச்சன் உளிபோலக் கூராக நிற்கும். இரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் எலி எதையாவது கொறித்தே தீரும். வாய்க்கு எட்டிய தூரத்தில் மின்சார ஒயர்களின் உறை இருந்தது.

நவம்பரில், ருமேனியப் படைக்குத் துணையாக நகரும்படி உத்தரவு வந்தது. நூற்றுச் சொச்சம் டாங்கிகளில் பாதிக்குமேல் கிளம்பவில்லை. கிளம்பிய சிலவற்றிலும் ஒயர்கள் ஒன்றோடொன்று உரசித் தீப்பிடித்தன. நவம்பர் 19-ல் ரஷ்யர்கள் பாய்ந்தார்கள். 23-ல் முற்றுகை வளையம் மூடிக்கொண்டது. 1943 பிப்ரவரி 2-ல் ஸ்டாலின்கிராட் யுத்தம் முடிந்தது.

எலிதான் ஸ்டாலின்கிராடை வென்றது என்று நான் சொல்லவில்லை. பத்து லட்சம் வீரர்களோடு வந்த ரஷ்யர்களின் பெருமையை எலிக்குக் கொடுப்பது அநியாயம். எனக்கு முக்கியமாகப் படுவது, பில் யார் தலையில் விழுந்தது என்பதே. அந்தப் பிரிவு அடங்கிய படைக்குத் தலைவர் தளபதி ஹைம். ஹிட்லர் அவருடைய பதவியைப் பறித்துச் சிறையில் போட்டார். பெட்ரோல் அனுப்பாதவர்களை யாரும் கேட்கவில்லை. பெரிய நஷ்டத்துக்குப் பெரிய குற்றவாளிதான் வேண்டும். வைக்கோலுக்குள் இருக்கிற எலியைக் காட்டினால் யார் ஒப்புக்கொள்வார்கள்?

என் காரையும் சென்ற மழைக்காலத்தில் ஓர் எலி கௌரவித்தது. கடித்த இடம் ஒரு சாண்கூட இராது. தெருக்கோடி எலெக்ட்ரீஷியன், ஒட்டி டேப் சுற்றினால் போதும் என்றார். கம்பெனி ஒர்க்‌ஷாப்பிலோ, ஒயரிங் முழுவதையும் மாற்றவேண்டும் என்றார்கள். "சார், இது கண்ணுக்குத் தெரிகிற கடி. தெரியாத கடி எங்கே இருக்கிறதோ?" என்றார் அங்கிருந்த இளைஞர். தீப்பிடித்த டாங்கிகளை நினைத்துக்கொண்டு வாய் பேசாமல் பணத்தைக் கட்டினேன். ஒரு நாவலுக்குக் கிடைத்த தொகை அதோடு சரி.

இக்காலத்து ஒயர் உறையில் சோயா சேர்க்கிறார்கள், அந்த ருசிதான் எலியை இழுக்கிறது என்று 2016-ல் அமெரிக்காவில் கார்க்காரர்கள் வழக்கே தொடர்ந்தார்கள். மிளகாய்க் காரம் ஏற்றிய டேப்பும் விற்பனைக்கு வந்திருக்கிறது. டான் நதிக்கரை எலிகள் சோயாவுக்காகக் காத்திருக்கவில்லை என்பதை மட்டும் நான் நினைவூட்டுவேன். அவற்றுக்கு வேண்டியிருந்தது கதகதப்பும், யாரும் வந்து கலைக்காத அமைதியும். வாரக்கணக்கில் உறை போட்டு மூடி, பானெட்டைத் திறந்தே பாராமல் நிறுத்தி வைக்கும் காரில் இரண்டும் தாராளமாகக் கிடைக்கின்றன. பெட்ரோல் இல்லாத ஜெர்மானியர்களுக்கு வேறு வழி இல்லை. நமக்கு இருக்கிறது.