வாய்பொத்தும் முறை (குழந்தைப் பல் மருத்துவம்)

பல் மருத்துவரின் நாற்காலியில் அடங்காமல் அலறும் குழந்தையின் வாயை மருத்துவர் கையால் மூடி, அழுகையை நிறுத்தினால் கையை எடுப்பதாகக் காதருகே சொல்லிப் பணியவைத்த பழைய உத்தி. 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்கப் பல் மருத்துவக் கல்லூரிகளில் இது பாடமாகவே கற்பிக்கப்பட்டது. மூக்கையும் சேர்த்து அடைக்கும் கொடிய வடிவமும் உண்டு. சொன்னால் புரிந்துகொள்ளும் வயதுள்ள குழந்தைகளிடம் மட்டுமே கையாள வேண்டும் என்றனர் ஆதரவாளர்கள். புரிந்துகொள்ளும் குழந்தையிடம் பேசிப் பார்த்தால் என்ன என்பதற்கு அவர்களிடம் திருப்தியான பதில் இல்லை.

1989இல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, தன்னைப் பற்றிய முடிவுகளில் குழந்தையின் கருத்துக்கு இடம் தரச் சொல்கிறது (பிரிவு 12). வன்முறையிலிருந்து காக்கவும் சொல்கிறது (பிரிவு 19). அமெரிக்கா அதை இன்னும் உறுதிசெய்யவில்லை. ஆயினும் அந்நாட்டின் குழந்தைப் பல் மருத்துவக் கழகம் 2006இல் இம்முறையைத் தன் வழிகாட்டு நெறிகளிலிருந்து நீக்கியது. பெற்றோரிடையே இதற்கு ஆதரவு முன்பிருந்தே மிகக் குறைவு.

இன்று பரவலாக உள்ளது ‘சொல், காட்டு, செய்’ முறை: கருவி என்ன செய்யும் என்று குழந்தையின் மொழியில் சொல்லி, விரல்நகத்தில் ஓட்டிக் காட்டி, பிறகே பல்லில் வைப்பது. வலித்தால் கையை உயர்த்தச் சொல்வதும் வழக்கம். உயர்த்தியதும் மருத்துவர் உண்மையிலேயே நிறுத்த வேண்டும். கைகால்களைப் பட்டைகளால் பிணைத்துச் சிகிச்சை செய்வது மட்டும், பெற்றோர் இசைவுடன், அமெரிக்காவில் இன்னும் அனுமதிக்கப்படுகிறது.