ராசியும் திரைக்கலையும்: கலைஞரின் பாணி எங்கிருந்து வருகிறது?

நாளிதழைப் பிரித்ததும் முதலில் ராசிபலனைப் பார்ப்பது பலருக்கும் உள்ள பழக்கம். அந்த ஆர்வம் அபிமான நடிகர், இயக்குநர் பக்கமும் திரும்புவதுண்டு. 'சிம்ம ராசி என்பதால்தான் இந்தக் கம்பீரம்', 'கடகம் என்பதால்தான் இத்தனை கண்ணீர்க் காட்சிகள்' என்று பேச்சு நடக்கும். இதில் எவ்வளவு பொருத்தம் இருக்கிறது?

ஜோதிடம் சொல்வது

பன்னிரண்டு ராசிகளும் நான்கு பிரிவுகளாக வகுக்கப்படுகின்றன. மேஷம், சிம்மம், தனுசு ஆகியவை நெருப்பு ராசிகள். துணிச்சலும் தலைமைக் குணமும் இவற்றுக்கு உரியவை. ரிஷபம், கன்னி, மகரம் நில ராசிகள்; பொறுமையும் ஒழுங்கும் இவற்றின் குணம். மிதுனம், துலாம், கும்பம் காற்று ராசிகள். பேச்சுத் திறனும் புதுச் சிந்தனையும் தருபவை. கடகம், விருச்சிகம், மீனம் நீர் ராசிகள்; உணர்ச்சியும் கற்பனையும் மிகுந்தவை.

தமிழ் ஜோதிடர்கள் ராசியோடு நிறுத்துவதில்லை. கலைக்குச் சுக்கிரன், பேச்சுக்கும் நகைச்சுவைக்கும் புதன், மனதிற்குச் சந்திரன், படைப்பாற்றலுக்கு ஐந்தாம் இடம் என்று முழு ஜாதகத்தையும் பார்த்தே பலன் சொல்வார்கள்.

ஒருவருக்கு எத்தனை ராசி?

குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. ஆங்கில இதழ்கள் பிறந்த தேதியன்று சூரியன் நிற்கும் ராசியைச் சொல்கின்றன. தமிழர் வழக்கில் ராசி என்பது சந்திரன் நிற்கும் இடம். மேலும், இரண்டு முறைகளின் கணக்குக்கும் இடையே ஏறத்தாழ 24 பாகை வித்தியாசம் உண்டு.

ரஜினிகாந்த் பிறந்தது 1950 டிசம்பர் 12. மேற்கத்திய முறைப்படி அவர் தனுசு. தமிழ் முறையில் அது கார்த்திகை மாதம். சூரியன் விருச்சிகத்தில் இருக்கும் காலம். அவரது நட்சத்திரம் திருவோணம் என்பதால் ராசி மகரம். ஒரே மனிதருக்கு நெருப்பு, நீர், நிலம் என மூன்று குணங்கள் வந்துவிடுகின்றன. அவருடைய வேகத்துக்கு எதைக் காரணம் சொல்வது?

ஒரே மாதம், இரண்டு உலகம்

கே. பாலசந்தர் பிறந்த நாள் ஜூலை 9. பாரதிராஜாவுக்கு ஜூலை 17. மேற்கத்திய முறையில் இருவருமே கடகம். ஆனால் இவர்களின் படங்களை யாரும் மாற்றிச் சொல்லிவிட மாட்டார்கள்.

பாலசந்தர் சென்னையில் அரசுக் கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே மேடை நாடகம் எழுதியவர். நடுத்தரக் குடும்பத்தின் வீட்டுக்குள் நடக்கும் போராட்டமும் கூர்மையான வசனமும் அவர் படங்களின் பலம். தேனி அல்லிநகரத்திலிருந்து வந்த பாரதிராஜா, கன்னட இயக்குநர் புட்டண்ணா கனகலிடம் தொழில் கற்றவர். 1977-இல் வந்த '16 வயதினிலே' படத்தில் கேமராவை ஸ்டூடியோவிலிருந்து கிராமத்துக்கே கொண்டு போனார். வளர்ந்த இடமும் கற்ற இடமுமே இருவரின் பாணியையும் பிரித்துக் காட்டுகின்றன.

ஜாலான் அம்பாஸ் தந்த பாடம்

பினாங்கில் 1929 மார்ச் 22-இல் பிறந்த பி. ரம்லியும், 1910 மார்ச் 23-இல் பிறந்த ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவும் மேற்கத்திய முறைப்படி மேஷ ராசிக்காரர்கள். ஓவியராக விரும்பிய குரோசாவா, காட்சிகளை வரைந்து பார்த்துப் படமெடுத்தவர்; சாமுராய் கதைகளால் உலகப் புகழ் பெற்றார். ரம்லியோ பாட்டிலிருந்து வந்தவர். 1948-இல் சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவில் சேர்ந்து, பி.எஸ். ராஜ்ஹன்ஸ், எல். கிருஷ்ணன் போன்ற இந்திய இயக்குநர்களின் படங்களில் பாடியும் நடித்தும் தொழில் பழகினார். 1955-இல் 'பெனாரிக் பெச்சா' மூலம் இயக்குநரானார். மலாய் வாழ்க்கையும் இந்தியப் பட மரபும் அவர் படங்களில் கலந்திருப்பதற்கு அந்தப் பயிற்சியே காரணம்.

'ராசியில்லாதவர்' என்ற முத்திரை

சினிமா உலகில் ராசி என்ற சொல்லுக்கு அதிர்ஷ்டம் என்றும் பொருள். அந்தப் பொருளில்தான் அது ஆளைக் காயப்படுத்துகிறது. மோகன்லாலுடன் வித்யா பாலன் நடிக்கத் தொடங்கிய முதல் மலையாளப் படம் பாதியில் நின்றது. பழி புதுமுகத்தின் மேல் விழுந்தது. ராசியில்லாதவர் என்று சொல்லி அடுத்தடுத்த படங்களிலிருந்து அவரை நீக்கினார்கள். 2005-இல் 'பரிணீதா' இந்திப் படம் அவருக்கு வழி திறந்தது. பின்னர் 'தி டர்ட்டி பிக்சர்' படத்துக்காகச் சிறந்த நடிகைக்கான தேசிய விருதையும் பெற்றார். மாறியது அவரது ஜாதகம் அல்ல, கிடைத்த வாய்ப்பு.

ஆய்வு சொல்வது

அமெரிக்காவில் ஷான் கார்ல்சன் நடத்திய ஆய்வு 1985-இல் 'நேச்சர்' இதழில் வெளியானது. ஒரு ஜாதகத்தையும் மூன்று பேரின் குணக் குறிப்புகளையும் கொடுத்து, பொருந்துவது எது என்று ஜோதிடர்களிடம் கேட்டார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சரியாக அமைந்தது. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் அவ்வளவுதான் வரும்.

ஜாதகம் பார்ப்பது அவரவர் நம்பிக்கை. அபிமான நட்சத்திரத்தின் ராசியைப் பேசி மகிழ்வதிலும் தவறில்லை. ஆனால் நடிக்கவோ குறும்படம் எடுக்கவோ ஆசைப்படும் பிள்ளையிடம், 'உன் ராசிக்கு இது ஒத்து வராது' என்று சொல்லும் முன் ஒரு முறை யோசிப்பது நல்லது. ஆலயத் திருவிழா நாடகத்திலோ பள்ளிக் கலைவிழாவிலோ கிடைக்கும் ஒரு மேடை, அந்தப் பிள்ளையின் பாணியைக் கட்டத்தைவிடத் தெளிவாகக் காட்டிவிடும்.