பூட்டாத கம்பி: கேளிக்கைப் பூங்காவும் பருத்த உடலும்

கேளிக்கைப் பூங்காக்களின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் இயந்திரங்களின் வரலாற்றைத்தான் எழுதியிருக்கிறார்கள். எந்த ஆண்டில் எத்தனை அடி உயரம், எவ்வளவு வேகம், மரமா இரும்பா என்று. அதில் உட்கார்ந்த இடுப்புக்கும் தொடைக்கும் வரலாறு இல்லை. சிரிக்க வேண்டாம். எந்த உடலை உட்காரச் சொல்வது, எந்த உடலை எழுந்திருக்கச் சொல்வது என்பது அரசியல் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. டீக்கடை பெஞ்சுக்காக ரத்தம் சிந்திய ஊர்கள் நம்முடையவை. அதையும் இதையும் ஒன்றாக்குவது என் நோக்கமல்ல. ஆனால் இருக்கை என்பது வெறும் மரப்பலகை அல்ல என்று தெரிந்த வாசகர்களிடம்தான் இதைப் பேச முடியும்.

1884இல் நியூயார்க்கின் கோனி ஐலண்ட் கடற்கரையில் லாமார்க்கஸ் தாம்சன் தன் ‘ஸ்விட்ச்பேக் ரயில்வே’யை ஓட்டினார். கட்டணம் 5 சென்ட். வேகம் மணிக்கு 6 மைல்தான், நம்ம ஊர் சைக்கிள் முந்திவிடும். ஆனால் இன்றைய ரோலர் கோஸ்டர்களின் மூதாதை அது. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேகமல்ல, பெஞ்சு. பயணிகள் பக்கவாட்டில் பார்த்தபடி நீளப் பலகையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். பெஞ்சுக்கு ஆளுக்கு இவ்வளவு என்ற அளவு கிடையாது. ஒருவர் பருமனாக இருந்தால் இன்னொருவர் நகர்ந்துகொள்வார். இடம் என்பது உடல்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளும் விஷயமாக இருந்தது. முணுமுணுப்பு இருந்திருக்கும், இடித்துத் தள்ளுவது இருந்திருக்கும். ஆனால் ‘நீ இந்தப் பெஞ்சுக்கு ஆகமாட்டாய்’ என்று பெஞ்சு சொல்ல முடியாது.

இந்தக் கடற்கரையை ஜனநாயகத்தின் சொர்க்கமாக்கிக் காட்டும் எழுத்துகள் உண்டு. எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. உடல்களைக் காட்சிப் பொருளாக்குவதை ஒரு தொழிலாகவே வளர்த்த இடம் அது. 1897இல் ஜார்ஜ் டில்யூ தொடங்கிய ஸ்டீபிள்சேஸ் பூங்காவில் சவாரி முடிந்து இறங்கியவர்கள் ஒரு மேடையைக் கடந்துதான் வெளியே போக வேண்டியிருந்தது. தரையிலிருந்து பீறிடும் காற்று பெண்களின் பாவாடையைத் தூக்கும், கோமாளி ஒருவன் ஆண்களைத் துரத்துவான், எதிரே உட்கார்ந்திருக்கும் கூட்டம் சிரிக்கும். பணம் கொடுத்து வந்தவரே அடுத்தவருக்கு வேடிக்கையானார். 1904இல் திறந்த ட்ரீம்லேண்டில் உயரம் குறைந்த மனிதர்கள் சுமார் 300 பேரைக் குடியேற்றி ‘லில்லிபூஷியா’ என்று ஒரு நகரமே கட்டினார்கள். வீடும் கதவும் நாற்காலியும் அவர்கள் அளவுக்கே செய்யப்பட்டன. அதாவது, சராசரி அல்லாத உடலுக்கு இந்தப் பூங்கா அளவெடுத்துத் தச்சு வேலை செய்தது, அந்த உடல் விற்பனைக்கு இருந்தபோது. 1911இல் ட்ரீம்லேண்ட் எரிந்தது. அந்த இடத்திலேயே ‘விநோத மனிதர்’ கொட்டகைகள் முளைத்தன. அவற்றின் நிரந்தர அயிட்டங்களில் ஒன்று ‘குண்டுப் பெண்மணி’. மேடையில் அவளுக்கு இடமிருந்தது, சம்பளமும் இருந்தது.

இந்தச் ‘சராசரி’ எங்கிருந்து வந்தது? பெல்ஜியத்து வானியலாளர் அடோல்ஃப் கெத்தலே நட்சத்திர அளவீடுகளில் வரும் பிழைகளைச் சரிசெய்யும் கணக்கை மனிதர்கள் மேல் பொருத்திப் பார்த்தவர். 1835இல் வந்த நூலில் ‘சராசரி மனிதன்’ என்ற உருவத்தை முன்வைத்தார். ஸ்காட்லாந்துச் சிப்பாய்கள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் மார்பளவைக் கூட்டி வகுத்தால் 40 அங்குலத்தை ஒட்டி வருகிறது. சரி, கணக்கு. ஆனால் அந்த நாற்பதுதான் இயற்கை குறிவைத்த உடல், மற்றவர்களெல்லாம் குறி தவறியவர்கள் என்று ஆகிறது பாருங்கள், அங்கேதான் எண் நெறியாக மாறுகிறது. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் அவருடைய சூத்திரத்துக்கு 1972இல் ஆன்செல் கீஸ் வைத்த பெயர்தான், இன்று நம் தெருமுனை கிளினிக் வரை வந்திருக்கும் பி.எம்.ஐ. ‘நெறிப்படுத்தும் அதிகாரம்’ பற்றி ஃபூக்கோவை மேற்கோள் காட்டியே எழுதிக்கொண்டிருக்கிற நாம், அந்த அதிகாரம் எடை மெஷின் வடிவில் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்ததை அதிகம் கவனித்ததில்லை.

சராசரி மனிதன் இல்லை என்று கண்டுபிடித்தது, வேடிக்கை பாருங்கள், அமெரிக்க விமானப்படை. 1950இல் 4,063 விமானிகளை அளந்தார்கள். கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளம் ஆய்வாளர் பத்து அளவுகளை எடுத்துக்கொண்டு, பத்திலும் சராசரியை ஒட்டி வருகிறவர் எத்தனை பேர் என்று பார்த்தார். ஒருவர்கூட இல்லை. சராசரிக்குச் செய்த இருக்கை என்றால் யாருக்குமே செய்யாத இருக்கை. முன்னும் பின்னும் நகரும் இருக்கை, நீட்டிச் சுருக்கும் பட்டை எல்லாம் போர் விமானத்துக்கு வந்தது இப்படித்தான். அரசுக்கு அந்த உடல் தேவைப்பட்டது. தேவைப்பட்டால் நாற்காலி நகரும்.

பூங்காவுக்கு அப்படித் தேவை எதுவும் இல்லை. இந்த இடத்தில் இரண்டு மாற்றங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1959இல் டிஸ்னிலேண்டின் மேட்டர்ஹார்ன் குழாய் இரும்புத் தண்டவாளத்தைக் கொண்டுவந்தது. 1975இல் கலிபோர்னியாவின் நாட்ஸ் பெர்ரி பூங்காவில் ‘கார்க்ஸ்க்ரூ’ ஆளைத் தலைகீழாகப் புரட்டியது. தலைகீழாகும் உடலை இறுக்கிப் பிடித்தாக வேண்டும், மறுக்க முடியாது. தோளுக்கு மேலிருந்து இறங்கும் பூட்டு வந்தது. பெஞ்சு போய் ஆளுக்கொரு அச்சு வந்தது. அச்சில் வார்த்த இருக்கை யாரோடும் பேசுவதில்லை. ‘க்ளிக்’ என்றால் சரி, இல்லையென்றால் இல்லை.

இன்னொன்று டிக்கெட். கோனி ஐலண்டில் பெரும்பாலும் சவாரிக்குச் சவாரி காசு. ஒருவரைத் திருப்பி அனுப்பினால் முதலாளிக்கு 5 சென்ட் நஷ்டம். டிஸ்னிலேண்டும் 1982 வரை சவாரிச் சீட்டுப் புத்தகம்தான் விற்றது. பிறகு வாசலிலேயே மொத்தக் கட்டணம் என்பது எங்கும் வழக்கமானது. இனி உள்ளே ஒரு உடலை மறுத்தால் யாருக்கும் காலணா நஷ்டமில்லை. பணம் ஏற்கெனவே கல்லாவில் இருக்கிறது. தொழில்நுட்பத்தைப் பேசுகிறவர்கள் இந்தக் கல்லாவைப் பேசுவதே இல்லை.

சென்னைக்கு வெளியே உள்ள ஒரு பூங்காவில் இது எனக்கு நடந்தது. அண்ணன் பிள்ளைகளோடு முக்கால் மணி நேரம் க்யூவில் நின்று ஏறினேன். கம்பி வயிற்றில் முட்டி நின்றது. அந்தப் பையனுக்கு இருபது வயதிருக்கும், நல்ல பையன். “அக்கா, மூச்ச இழுத்துப் புடிங்க” என்று முழங்காலால் அழுத்தினான். மூன்று முறை. பூட்டவில்லை. “லாக் ஆகல, இறங்கிக்குங்கக்கா.” ரயில் முழுக்கக் காத்திருக்கிறது, பின்னாலிருந்து ஒரு சிரிப்பு. நம் சினிமா பல வருஷமாகப் பயிற்றுவித்த சிரிப்பு அது. டிக்கெட் காசைப் பற்றிக் கேட்டேன். “அது கேட்லயே வாங்குறதுக்கா, இங்க நாங்க ஒண்ணும் பண்ண முடியாது.” ஒரு முழு நூற்றாண்டின் பொருளாதாரத்தை அந்தப் பையன் ஒரே வரியில் சொல்லிவிட்டான்.

எங்க ஊர்த் திருவிழா ராட்டினம் அப்போது ஞாபகம் வந்தது. மரத்தொட்டில், கையால் சுற்றுவது. ராட்டினக்காரர் ஆளைப் பார்த்ததுமே கணக்குப் போடுவார். “பாப்பா நீ இதுல ஏறு, டேய் நீங்க ரெண்டு பேரும் எதிர்த்தொட்டில்.” என் கனம் அவருக்குச் சமநிலைக்கு வேண்டிய ஒரு எண். அவமானம் அதில் இல்லை. இதற்காக ராட்டினத்தைக் கொண்டாடவும் நான் தயாரில்லை. ஒரு கயிறுகூட இடுப்பில் கிடையாது. விழுந்தால் விழுந்ததுதான்.

குழந்தைகளுக்கான பலகை எல்லாச் சவாரி வாசலிலும் நிற்கிறது. இந்தக் கோட்டுக்கு மேல் உயரம் இருந்தால் ஏறலாம் என்று. அது ஒரு வாக்குறுதி: வளர்ந்து வா. பருத்தவருக்குப் பெரும்பாலும் பலகை கிடையாது. ஏறி உட்கார்ந்து, எல்லோர் முன்னாலும் தெரிந்துகொள்ள வேண்டும். எழுதி வைத்த இடங்களிலும் என்ன எழுதினார்கள்? அமெரிக்காவின் சிடார் பாயிண்ட் பூங்காவின் வழிகாட்டியில் ‘அசாதாரண அளவுடைய விருந்தினர்’ சில சவாரிகளில் பொருந்தாமல் போகலாம் என்று இருந்தது. யார் அசாதாரணம்? 225 பவுண்டு, அதாவது 102 கிலோவைத் தாண்டியவர், 40 அங்குல இடுப்புள்ளவர், இப்படி. அமெரிக்க அரசின் 2015-18 அளவீட்டின்படி அந்த நாட்டு வளர்ந்த ஆணின் சராசரி இடுப்பளவு 40.5 அங்குலம். கெத்தலேயின் கணக்குப்படி பார்த்தால் சராசரி மனிதனே அசாதாரணம்! 1960களின் தொடக்கத்தில் 166 பவுண்டு இருந்த ஆணின் சராசரி எடை இப்போது 200ஐ ஒட்டியிருக்கிறது. அச்சு மட்டும் அதே வேகத்தில் வளரவில்லை. எனவே சராசரி என்பதுகூட இங்கே சாக்குத்தான்.

“பாதுகாப்புங்க, இதுல என்ன அரசியல்?” என்று தோழர்களே கேட்பார்கள். பாதுகாப்பு பொய்யல்ல. 2013 ஜூலையில் டெக்சாஸில், சிக்ஸ் ஃப்ளாக்ஸ் பூங்காவின் ‘டெக்சாஸ் ஜயண்ட்’டிலிருந்து ஒரு பெண் விழுந்து இறந்தார். 2022 மார்ச்சில் ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவில் விழுகோபுரச் சவாரி ஒன்றிலிருந்து 14 வயது மாணவன் விழுந்து இறந்தான். அந்தச் சவாரியின் கையேட்டில் எடை வரம்பு 130 கிலோ, பையன் அதற்கு மேல். விசாரணை சொன்னது இன்னொன்று: அவன் உட்கார்ந்த இருக்கையில் பூட்டு வழக்கத்தைவிட அதிகம் விலகியிருந்தாலும் ‘சரி’ என்று விளக்கு எரியும்படி உணரியைக் கையால் மாற்றியிருக்கிறார்கள். இருக்கையைப் பெரிதாக்கவில்லை, பொய்யைத்தான் பெரிதாக்கினார்கள். அந்தப் பையனின் உடல் அவனைக் கொன்றது என்று எழுதிய பேனாக்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. அந்தக் கோபுரத்தைப் பிறகு பிரித்துவிட்டார்கள்.

டெக்சாஸ் சவாரி அதே செப்டம்பரில் மறுபடி திறந்தபோது பெல்ட் வந்தது, கூடவே வாசலில் ஒரு சோதனை இருக்கையும். உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம், க்யூவில் நின்று ஏமாற வேண்டாம். இது நன்மைதான், சந்தேகமில்லை, அந்த முக்கால் மணி நேரத்தை நின்றவள் சொல்கிறேன். ஆனால் அது எங்கே வைக்கப்படுகிறது என்று பாருங்கள். பல பூங்காக்களில் சவாரி வாசலுக்கு எதிரே, போகிறவர் வருகிறவர் கண்ணில் படும்படி. டில்யூவின் மேடை சவாரி முடிந்த பிறகு இருந்தது. இது சவாரிக்கு முன்னால். கொட்டகைப் பெண்மணிக்குச் சம்பளமாவது கொடுத்தார்கள். ஒரு திரை போட எவ்வளவு செலவாகிவிடும்?

இருக்கையை மாற்ற முடியாது என்பதும் உண்மையல்ல. 2010 ஜூனில் ஆர்லாண்டோவின் யூனிவர்சல் பூங்காவில் ஹாரி பாட்டர் சவாரி திறந்தது. ஏகப்பட்ட பேர் பொருந்தாமல் திரும்பினார்கள். ஊடகங்களில் பேச்சு எழுந்தது. அதே ஆண்டுக்குள் சில இருக்கைகள் மாற்றியமைக்கப்பட்டன. வேறு சில கோஸ்டர்களில் குறிப்பிட்ட வரிசைகளில் மட்டும் இரட்டைப் பெல்ட் வைத்த அகல இருக்கைகள் உண்டு. எந்த வரிசை என்பதைத் தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லி வைக்கிறார்கள், ஊர்க்கிணற்றில் எந்தப் படி வழுக்கும் என்று சொல்வதுபோல.

பருத்தவர்களின் உரிமைக்கான அமைப்பு அமெரிக்காவில் 1969இலேயே தொடங்கிவிட்டது. மிச்சிகன் மாநிலம் 1976இல் வேலையில் எடைப் பாகுபாட்டைத் தடுத்தது. 2023 மே மாதம் நியூயார்க் நகரம் உயரத்தையும் எடையையும் மனித உரிமைச் சட்டத்தில் சேர்த்தது. வேலைக்கு மட்டுமல்ல, வீட்டுக்கும் பொது இடங்களுக்கும். அந்த நவம்பரில் நடைமுறைக்கு வந்தது, விலக்குகளோடு. கோனி ஐலண்ட் இருப்பது இந்த நகரத்துக்குள்தான். 1927இல் கட்டிய ‘சைக்ளோன்’ மரக் கோஸ்டர் அங்கே இன்னும் ஓடுகிறது. பூட்டாத கம்பி சட்டத்துக்குள் வருமா, விலக்குக்குள் வருமா என்பதை இனி யாராவது ஒருவர் வழக்குப் போட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.