கம்பம் பள்ளத்தாக்கில் இசைத்தட்டும் தூசியும்

இசைத்தட்டு என்பது ஒலியை நுண்ணிய வரிப்பள்ளமாகப் பதித்து வைத்த வட்டத் தட்டு ஆகும். பள்ளத்தில் முள் ஓடும்போது எழும் அதிர்வே ஒலியாகிறது. பள்ளத்தில் கிடக்கும் தூசியும் முள்ளை அதிரச் செய்வதால், பாட்டோடு சேர்ந்து 'கரகர' என்ற இரைச்சலும் கேட்கும். தேனி மாவட்டத்தில் கோயில் திருவிழா, திருமணம், காதணி விழா, டூரிங் டாக்கீஸ் எனப் பெரும்பாலும் திறந்தவெளியிலேயே இசைத்தட்டுகள் ஒலித்தன. ஆகவே அவற்றைத் தூசியிலிருந்து காப்பது இங்கே எளிய வேலையாக இருக்கவில்லை.

காற்றும் மண்ணும்

கம்பம் பள்ளத்தாக்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் உள்ளது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மலை இடைவெளிகள் வழியாக இறங்கி வேகமாக வீசுகிறது. தேனி, ஆண்டிப்பட்டி வட்டாரங்களில் காற்றாலைகள் நிறுவப்பட்டதற்கு இக்காற்றே காரணம். குச்சனூர் சனீஸ்வரர் கோயிலின் ஆடிச் சனிக்கிழமைத் திருவிழா இந்தக் காற்றுக் காலத்திலும், வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா சித்திரை வெயிலிலும் நடைபெறுகின்றன. குழாய் கட்டிப் பாட்டுப் போடும் நாட்களும் புழுதி பறக்கும் நாட்களும் ஒன்றாகவே அமைந்தன.

அரக்குத் தட்டுக் காலம்

எமில் பெர்லினர் 1887இல் கிராமபோனை உருவாக்கினார். கிராமபோன் கம்பெனியின் கல்கத்தா தொழிற்சாலை 1908இல் இயங்கத் தொடங்கியது. நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் அக்காலத் தட்டுகள் அரக்கோடு கல்மாவு கலந்து செய்யப்பட்டவை. அந்தக் கல்மாவு எஃகு ஊசியைத் தேய்த்துப் பள்ளத்தின் வடிவத்துக்குக் கொண்டுவரும். அதனால் ஒரு பக்கம் பாடி முடிந்ததும் ஊசியை மாற்றிவிட வேண்டும். சிக்கனம் கருதி ஒரே ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டால், தேய்ந்த ஊசி தட்டை அறுத்துவிடும். ஊசியின் விலை அற்பம். அறுபட்ட தட்டுக்கோ மாற்று கிடைப்பது அரிது.

வினைல் தட்டுக் காலம்

அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனம் 1948இல் நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழலும் வினைல் நெடுந்தட்டை அறிமுகப்படுத்தியது. இதில் பள்ளம் மிகக் குறுகியது. ஒரு பக்கப் பள்ளத்தை நீட்டினால் ஏறத்தாழ அரை கிலோமீட்டர் நீளம் வரும். முள் நீலமணியாலோ வைரத்தாலோ ஆனது. மாதக்கணக்கில் உழைக்க வேண்டியது. வினைல் உரசும்போது நிலைமின்சாரம் ஏற்று, தலைவாரிய சீப்பு காகிதத் துணுக்கை இழுப்பதைப் போலத் தூசியைத் தன்மேல் இழுத்துக்கொள்ளும். வறண்ட காற்றில் இந்த ஈர்ப்பு மேலும் கூடும். தோளில் கிடக்கும் துண்டால் துடைத்தால் தூசி பள்ளத்துக்குள் இன்னும் ஆழமாக இறங்கிவிடும்.

'திருவிளையாடல்' (1965) படத்தின் வசனத் தட்டு தமிழகமெங்கும் விழாக்களில் ஒலித்தது. பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா 'அன்னக்கிளி' (1976) படத்தின் மூலம் திரையுலகில் அறிமுகமானார். இந்தப் பள்ளத்தாக்கில் கேட்டு வளர்ந்த நாட்டுப்புற மெட்டின் சாயல், இசைத்தட்டாகித் திரும்பி வந்து இங்குள்ள குழாய்களிலேயே ஒலித்தது. 1980களில் ஒலிநாடா பரவியதும் தட்டுகள் மெல்ல மெல்லப் பரணுக்கு ஏறின.

தூய்மை செய்யும் முறை

தட்டை விளிம்பிலும் நடுத்தாளிலும் மட்டுமே பிடிக்க வேண்டும். விரல் எண்ணெய் தூசியை ஒட்டவைக்கும். ஒவ்வொரு முறையும் பாடவிடுமுன் மெல்லிய கரியிழைத் தூரிகையைப் பள்ளத்தின் போக்கிலேயே சுற்றி ஓட்டினால் தூசியோடு நிலைமின்சாரமும் நீங்கும். படிந்த அழுக்கைக் காய்ச்சி வடித்த நீரில் நனைத்த மென்துணியால் எடுக்கலாம். நடுத்தாள் நனையக் கூடாது. முள்ளைப் பின்னிருந்து முன்னாக மட்டுமே தூரிகையால் நீவ வேண்டும். குறுக்கே நீவினால் முள்ளைத் தாங்கும் நுண்தண்டு ஒடியும்.

அரக்குத் தட்டில் ஸ்பிரிட் படவே கூடாது. தச்சர்கள் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தான் மரத்துக்கு மெருகேற்றுகிறார்கள். அதே ஸ்பிரிட் தட்டையும் கரைத்துவிடும். தட்டுகளை உறையிலிட்டு, வெயில் படாத இடத்தில் செங்குத்தாக அடுக்க வேண்டும். படுக்கையாக அடுக்கினால் வெப்பத்திலும் பாரத்திலும் நெளியும்.

பேணுதலின் தேவை

மூலப்பதிவு அழிந்துபோன பழைய பாடல்கள் பலவற்றுக்கு இன்று எஞ்சியிருக்கும் ஒரே சான்று தட்டுதான். மும்பையில் இயங்கும் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் போன்ற அமைப்புகள் பழைய அரக்குத் தட்டுகளை எண்முறைக்கு மாற்றும் பணியில் ஈடுபட்டுள்ளன. ஆனால் அத்தகைய பணிக்கும் பள்ளம் தேயாத தட்டு வேண்டும். பரணில் இருந்து இறக்கிய தட்டைத் துடைக்காமல் பழைய முள்ளில் ஓடவிட்டால், அரைபடும் மண் துகள் பள்ளத்தின் சுவரைச் செதுக்கிவிடும். தூசியைத் துடைத்துவிடலாம், தேய்ந்துபோன ஒலியை மீட்க முடியாது.